மலையகத்தின் ஈரக்குளிரில் பல நாள் நடைப்பயணம்: எதைச் சுமப்பது, எதை விட்டுவிடுவது

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புற்றரை மீது துகள் உறைபனி படிந்தால் அது செய்தியாகிவிடுகிறது. படம் எடுக்கக் கூட்டம் கூடுகிறது. ஆனால் உறைபனி படியும் இரவு முகில் இல்லாத, காற்று அடங்கிய, மழையற்ற இரவு. நல்ல படுக்கை இருந்தால் அந்த இரவைச் சுகமாகவே கழித்துவிடலாம். நடப்பவரை வீழ்த்துவது வேறொரு குளிர். வெப்பமானி 8 பாகையைக் காட்டும்போதே, நாள் முழுவதும் விடாத தூறலில் சட்டை நனைந்திருக்க, மலைமுகட்டுக் காற்று அந்த ஈரத்தின் மீது வீசும் குளிர் அது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த உடல் தன் சூட்டை இழக்கும் வேகத்துக்கு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்க வேண்டிய தேவையே இல்லை.

பனிநாடுகளுக்காக எழுதப்பட்ட பொருட்பட்டியலை அப்படியே பார்த்து வாங்கி வருபவர்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். பெரும் விலை கொடுத்து வாங்கிய இறகு ஜாக்கெட் இரண்டாம் நாளே ஈரத்தில் சோர்ந்துவிடுகிறது. ஆகவே கீழே நான் சொல்பவை எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றியே வருகின்றன: மூன்றாம் நாள் மாலையிலும் உங்களிடம் உலர்ந்த உடை ஒன்றும் உலர்ந்த படுக்கையும் இருக்குமா?

1. பொருளுக்கு முன் பாதையும் மாதமும்

கடைக்குப் போவதற்கு முன் வரைபடத்தையும் நாட்காட்டியையும் எடுத்து வையுங்கள். இன்று மலையகத்தில் நீண்ட நடைக்கு முதலில் நினைவுக்கு வருவது பீக்கோ பாதை. கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல எனச் சுற்றி நுவரெலியாவில் முடியும் இந்தப் பாதை 300 கிலோமீற்றருக்கும் அதிகமானது. 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பகுதி பழைய தோட்டப் பாதைகளும் ஒற்றையடி வழிகளும்தான். இதைத் தவிர ஹோட்டன் சமவெளி, அங்கிருந்து போகும் கிரிகல்பொத்தை மலை, கண்டிக்குக் கிழக்கே நக்கில்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றையும் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, மலையகத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவை நனைக்கிறது. கினிகத்தேனை, வட்டவளைப் பகுதிகள் நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் அடங்கும். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் முதல் பெப்ரவரி வரை ஊவாப் பக்கத்துக்கு வருகிறது. ஜனவரியில் ஹட்டனில் வெயில் அடிக்கும்போது பதுளைப் பக்கம் மூடுபனியும் மழையுமாக இருப்பது இதனால்தான். முழுப் பாதையையும் ஒரே மூச்சில் நடக்க விரும்புபவருக்கு பெப்ரவரிப் பிற்பகுதியும் மார்ச்சும் பொருத்தமான காலம் என்பது என் கருத்து. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை ஏறக்குறைய உறுதி.

குளிரைக் கணக்கிட ஒரு எளிய வழி: ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 பாகை குறையும். 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் கண்டியில் இரவு 20 பாகை என்றால், ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்தில் இருக்கும் பட்டிப்பொல ரயில் நிலையத்தில் 11 பாகை இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். முகில் இல்லாத இரவில் பள்ளங்களில் அது இன்னும் இறங்கும். 2,100 மீற்றருக்கு மேலே விரிந்திருக்கும் ஹோட்டன் சமவெளியில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பூச்சியத்தை எட்டும் இரவுகளுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

2. எங்கே தூங்கப் போகிறீர்கள்?

சுமையில் பாதியைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். பீக்கோ பாதையின் பெரும்பாலான கட்டங்களின் முடிவில் ஊரோ விடுதியோ கிடைக்கும். வீட்டுக்கு வீடு தங்கி நடப்பவருக்குக் கூடாரம், அடுப்பு, பாய் எதுவும் தேவையில்லை. தண்ணீரும் உணவும் சேர்த்து 7 கிலோவுக்குள் முடித்துவிடலாம். கூடாரத்தோடு போகிறவர் 11, 12 கிலோவுக்குள் நிறுத்த முயல வேண்டும். உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், தேயிலை மலைகளின் செங்குத்தான படிகளில் இறங்கும்போது முழங்கால்தான் விலை கொடுக்கும்.

கூடாரம் என்றால் அனுமதி வேண்டும். ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்பதிவு செய்து, குறிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே முகாமிடலாம். தேயிலைத் தோட்டம் யாருமற்ற காடு அல்ல. அது மக்கள் வேலை செய்யும் இடம், அவர்கள் குடியிருக்கும் இடம். தோட்ட அலுவலகத்திலும் லயத்துப் பெரியவர்களிடமும் கேட்காமல் அங்கே கூடாரம் அடிப்பது முறையல்ல.

3. உடை: இரண்டு தொகுதி, ஒரு கட்டுப்பாடு

கொழுந்து பறிக்கப் போன எங்கள் பாட்டிமார் தலைமேல் கம்பளியும் இடுப்பில் படங்கும் இல்லாமல் மலை ஏறியதில்லை. கம்பளி நனைந்தாலும் சூட்டை ஓரளவு பிடித்துவைக்கும்; படங்கு, தேயிலைச் செடியின் ஈரமும் கிளைக் கீறலும் உடலில் படாமல் தடுக்கும். மலையகத்தின் ஈரக்குளிருக்கு என்ன உடை வேண்டும் என்பதற்கு இதைவிடச் சரியான பாடத்தை எந்தக் கடையிலும் நான் கேட்டதில்லை. உள்ளே ஈரத்திலும் சூடு தருவது, வெளியே ஈரத்தைத் தடுப்பது. மீதி எல்லாம் இந்த இரண்டின் விரிவு.

பருத்தியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பருத்திச் சட்டை வியர்வையையும் தூறலையும் குடித்து, உடலோடு ஒட்டிக்கொண்டு, மலையின் ஈரக்காற்றில் மறுநாள் வரை உலராமல் இருக்கும். ஜீன்ஸ் அதைவிட மோசம்: நனைந்தால் கனக்கும், தொடையை உரசிப் புண்ணாக்கும்.

நடக்கும் தொகுதி இது: மெல்லிய பொலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி உள்சட்டை ஒன்று, விரைவில் உலரும் நைலோன் காற்சட்டை ஒன்று, அதற்கு மேல் மெல்லிய ஃபிளீஸ் ஒன்று. மெரினோ விலை கூடியது, ஆனால் பல நாள் அணிந்தாலும் நாறாது. கையில் பணம் குறைவாக இருந்தால் விளையாட்டு வீரர்கள் அணியும் சாதாரண பொலியெஸ்டர் சட்டையே போதும். மிச்சப்பட்ட பணத்தை மழை ஜாக்கெட்டில் போடுங்கள்.

இரவுத் தொகுதி வேறு. உலர்ந்த நீளக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, தடித்த கம்பளிக் காலுறை, கம்பளித் தொப்பி. இவை நீர்புகாத பையில் கட்டப்பட்டு, மாலையில் கூரையின் கீழ் போன பிறகு மட்டுமே வெளியே வர வேண்டும். காலையில் அவற்றைக் கழற்றிவிட்டு, முதல் நாள் நனைந்த குளிர்ந்த உடையை மறுபடி அணிய வேண்டும். அந்த ஒரு கணம் கொடுமையாகத்தான் இருக்கும். ஆனாலும் பத்து நிமிடம் ஏறினால் உடல்சூட்டில் அது பொறுக்கத்தக்கதாகிவிடும். "இன்றைக்கு மட்டும்" என்று உலர்ந்த உடையோடு நடக்கத் தொடங்கியவரிடம் அன்று இரவு உலர்ந்தது எதுவும் இருக்காது. இந்தக் கட்டுப்பாட்டைப் பயணம் முடியும் வரை தளர்த்தாதீர்கள்.

ஓய்வு வேளைக்கு உள்ளே நிரப்பு வைத்துத் தைத்த ஜாக்கெட் ஒன்று வேண்டும். இறகு நிரப்பியது எடை குறைவு, சூடு அதிகம். ஆனால் ஈரம் பட்டால் இறகு கட்டிகட்டியாகி உதவாமல் போகும். செயற்கை இழை நிரப்பியதையே நான் பரிந்துரைப்பேன். இருநூறு கிராம் கூடினாலும், நனைந்த பிறகும் அது வேலை செய்யும்.

சிவனொளிபாத மலை ஏறியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். நல்லதண்ணி வழியாக ஆயிரக்கணக்கான படிகளை இரவில் ஏறி வியர்வையில் குளித்து 2,243 மீற்றர் உச்சியை அடைந்ததும், சூரிய உதயத்துக்காக அசையாமல் காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் பல் கிடுகிடுக்கிறது. மேலும் ஒரு ஸ்வெட்டரைப் போடுவது அங்கே உதவாது. ஈர உள்சட்டையைக் கழற்றி உலர்ந்த ஒன்றை மாற்றிக்கொண்டு, அதற்கு மேல்தான் ஸ்வெட்டர். நீண்ட நடையிலும் அப்படித்தான்: ஏற்றம் தொடங்கும் முன் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள், நின்றவுடன் போடுங்கள். புறப்படும்போது சற்றே குளிர்ந்தால்தான் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள்.

4. மழையங்கி

நீர்புகாத, அதேவேளை மூச்சுவிடும் துணி என்று சொல்லி விற்கும் ஜாக்கெட்டுகள் மலையகத்தில் பாதி வாக்கையே காப்பாற்றும். வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது உள்ளிருக்கும் வியர்வை நீராவி எங்கே போகும்? அதனால் துணியின் பெயரைவிட, அக்குளுக்குக் கீழே திறக்கும் ஜிப் இருக்கிறதா, தொப்பியை முகத்தோடு இறுக்க முடிகிறதா, கைமுனை மணிக்கட்டில் இறுகுகிறதா என்று பாருங்கள். பையையும் சேர்த்து மூடும் பொஞ்சோ காற்றில்லாத தோட்டப் பாதைகளில் அருமையானது. ஹப்புத்தளை முகட்டிலும் ஹோட்டன் சமவெளியின் திறந்த புல்வெளியிலும் அது பாயாக விரிந்து உங்களைத் தள்ளும். குடையை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். லயங்களுக்கு இடையிலான அகன்ற பாதையில் குடையோடு நடப்பவர் ஜாக்கெட் அணிந்தவரைவிட உலர்ந்திருப்பார்.

புதிதாக வாங்க வசதி இல்லையென்றால் நுவரெலியாவின் பேல் பஜாரில் தேடலாம். இலங்கையின் ஆடைத் தொழிற்சாலைகள் வெளிநாட்டுக் குளிருக்காகத் தைக்கும் ஜாக்கெட்டுகளில் எஞ்சியவை அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கும். பொறுமையாகச் சோதித்து வாங்க வேண்டும். ஜாக்கெட்டை உட்புறம் திருப்பித் தையல்களைப் பாருங்கள். ஒவ்வொரு தையலின் மேலும் மெல்லிய பட்டி ஒட்டியிருந்தால் அது மழைக்கானது, இல்லையேல் வெறும் காற்றுத் தடுப்பு. பட்டி உரிந்திருந்தாலோ, உட்பூச்சு விரலில் ஒட்டினாலோ, தூளாக உதிர்ந்தாலோ வைத்துவிடுங்கள். போத்தல் தண்ணீரில் சில துளிகளைத் தோளில் விட்டு, உருண்டு ஓடுகிறதா என்று பாருங்கள். துளி ஊறினால் வெளிப்பூச்சுத் தேய்ந்திருக்கிறது. நீர்விலக்கும் ஸ்பிரே அடித்து அதைச் சரிசெய்யலாம், உரிந்த உட்பூச்சைச் சரிசெய்ய முடியாது. ஜிப்பைப் பத்துமுறை ஏற்றி இறக்குங்கள். உள்ளே ஃபிளீஸ் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள்.

பைக்குப் போடும் மழையுறையை மட்டும் நம்பாதீர்கள். முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் நீர்புகாத நைலோன் பைகளில் இருக்கட்டும். பொலித்தீன் பைகளை வைத்துச் சமாளிக்கலாம் என்று எண்ணியிருந்தால், ஹோட்டன் சமவெளி நுழைவாயிலில் பையைத் திறந்து பார்த்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அந்த விதி நல்லது. அங்கே மேயும் மரைகளின் வயிற்றில் பொலித்தீன் போகக் கூடாது.

5. காலும் அட்டையும்

நீர்புகாத சப்பாத்து என்பது கணுக்காலுக்கு மேலே தண்ணீர் வரும் வரைதான். ஒருமுறை உள்ளே போனால் அது வெளியேறாது, உலரவும் நாளாகும். பீக்கோ பாதை போன்ற வழிகளுக்கு ஆழமான பற்கள் கொண்ட, வலைத்துணியாலான மலைநடைச் சப்பாத்தே நல்லது. நனையும், ஆனால் நடக்க நடக்க வடிந்துவிடும். கிரிகல்பொத்தை வழியின் சேற்றுநிலத்துக்கும், கனத்த பையோடு போகிறவருக்கும், கணுக்கால் வலுவற்றவருக்கும் உயர்ந்த பூட்ஸ் பொருந்தும். எதுவானாலும் வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக வாங்குங்கள்; நீண்ட இறக்கத்தில் கால்விரல் முன்னே இடித்து நகம் கறுத்துப்போகும். புதுச் சப்பாத்தோடு பயணம் தொடங்கவே கூடாது.

காலுறை மூன்று சோடி: இரண்டு நடக்க, ஒன்று தூங்க. மதிய ஓய்வில் காலைத் துடைத்து உலர்த்தி, சோடியை மாற்றுங்கள். கொப்புளம் பெரும்பாலும் ஈரத்தோலில்தான் பிறக்கிறது.

நக்கில்ஸ் காடுகளிலும், மழை விட்ட பிறகு தோட்டங்களின் புல்வழிகளிலும் அட்டை இருக்கும். நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறையை முழங்கால் வரை ஏற்றிக் கட்டுவதே முதல் காப்பு. அதன் மேல் உலர்ந்த சவர்க்காரத்தைத் தேய்ப்பதும் சித்தாலேப என்ற மூலிகைத் தைலத்தைப் பூசுவதும் இங்கே வழக்கம். மழையில் கழுவுப்பட்டால் மறுபடி பூச வேண்டும். கடித்த அட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள், தீயால் சுடாதீர்கள். நகத்தை அதன் வாய்க்கடியில் செருகி நகர்த்தினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் சிறிது நேரம் கசியும். கழுவிக் கட்டுப் போட்டால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

6. படுக்கையும் கூடாரமும்

விடுதிகளில் தங்குபவர் ஒரு மெல்லிய உள்ளுறையோடு இந்தப் பகுதியைத் தாண்டலாம்.

ஸ்லீப்பிங் பேக்கின் சீட்டில் மூன்று வெப்பநிலைகள் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். கடைக்காரர் பெரும்பாலும் மிகக் குறைந்த எண்ணையே காட்டுவார். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்பும் எல்லை. அந்த எண்ணை நம்பி ஒருபோதும் வாங்காதீர்கள். கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். ஹோட்டன் சமவெளிக்கு அது பூச்சியத்தையொட்டி இருக்க வேண்டும். 1,500 மீற்றருக்குக் கீழே தங்குபவருக்கு 8 முதல் 10 பாகை போதும். எளிதில் குளிர்பவர்கள் இன்னும் ஐந்து பாகை கூடுதல் காப்பு எடுக்கலாம். இங்கும் செயற்கை இழையே என் தேர்வு.

குளிர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. படுத்தால் அடியிலுள்ள நிரப்பு நசுங்கிவிடும்; ஈரத்தரை உங்கள் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஆகவே பாயில் சிக்கனம் வேண்டாம். ஆர் மதிப்பு (தரைக்குளிரைத் தடுக்கும் திறனைக் காட்டும் எண்) 2 முதல் 3 வரையுள்ள பாய் மலையகத்துக்குச் சரி. ஊதும் பாய் மென்மையானது, ஆனால் முள் குத்தினால் இரவு கெட்டது. மூடிய நுரைப்பாய் பருமனாக இருந்தாலும் அப்படிக் கைவிடாது.

கூடாரம் இரட்டைச் சுவர் உள்ளதாக இருக்கட்டும். ஒற்றைச் சுவருக்குள் உங்கள் மூச்சே நீராகி, விடியும்போது படுக்கை மேல் சொட்டும். வெளித்துணி 2,000 மில்லிமீற்றர் நீரழுத்தம் தாங்க வேண்டும். காற்றோட்டத் துவாரங்களைக் குளிருக்குப் பயந்து மூடாதீர்கள். வரும் ஆணிகளோடு நீளமான சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புல்வெளியின் கரிய தளர்மண்ணில் சிறிய ஆணி நிற்காது.

7. அடுப்பு, உணவு, தண்ணீர்

தனி பியூட்டேன் நிரப்பிய சிறு குடுவை பூச்சியத்தை நெருங்கும்போது சோர்ந்துவிடும். ஐசோபியூட்டேன் அல்லது புரோபேன் கலந்ததே குளிருக்கு ஏற்றது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் எரிவாயுக் குடுவையை விமானத்தில் கொண்டுவர முடியாது; அதை இங்கே தேடி வாங்க ஒருநாள் ஒதுக்குங்கள். ஹோட்டன் சமவெளி உயரத்தில் தண்ணீர் 93 பாகையளவிலேயே கொதிப்பதால் சோறும் பருப்பும் வேகத் தாமதமாகும், எரிவாயுவும் அதிகம் போகும். சமபோஷா என்ற சத்துமாவு இந்த இடத்தில் பெரிய உதவி: அடுப்பே இல்லாமல் தண்ணீரும் சீனியும் சேர்த்துப் பிசைந்தால் காலையுணவு முடிந்தது. தோட்டத்து ரொட்டியும் மாசிச் சம்பலும் ஒரு நாள் தாங்கும். நடக்கும்போது கடலை, எள்ளுருண்டை, பேரீச்சம்பழம் என்று மணிக்கொருமுறை வாயில் போடுங்கள். குளிரில் உடல் தன் விறகைத் தொடர்ந்து கேட்கும்.

தண்ணீர் விடயத்தில் கவனம் தேவை. வடிகட்டி கிருமிகளைத் தடுக்கும். தேயிலைச் சரிவில் தெளித்த களைநாசினியும் கரைந்த உரமும் அதைக் கடந்துவிடும். தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடையில் நிரப்பாதீர்கள். தோட்டங்களுக்கு மேலேயுள்ள காட்டு ஊற்றிலிருந்தோ, மக்கள் குடிக்கப் பயன்படுத்தும் பீலியிலிருந்தோ எடுத்துக் கொதிக்கவையுங்கள். இடம் தெரியாவிட்டால் லயத்தில் கேளுங்கள். தண்ணீர் கேட்டவருக்குத் தேநீரும் சேர்த்துக் கொடுக்கும் வீடுகள் அவை.

8. சிறியவை

தலையில் கட்டும் டோர்ச், உபரி மின்கலங்கள், பவர் பேங்க். குளிரில் மின்கலத்தின் ஆற்றல் விரைவில் இறங்கும். இரவில் அவற்றையும் தொலைபேசியையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய கையுறை. வெயில் சுடும் பகலுக்கு விளிம்புத் தொப்பி. முதலுதவியில் கொப்புளப் பட்டி, நீரேற்றத் தூள், ஒவ்வாமைக்கான மாத்திரை. கடைசியானது மிக முக்கியம்: குளவி கொட்டித் தோட்டத் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் செய்தி அடிக்கடி வருகிறது. வாசனைத் திரவியம் வேண்டாம். கூடு கண்டால் சத்தமின்றி விலகுங்கள். கடும் ஒவ்வாமை உள்ளவர் மருத்துவரிடம் கேட்டு அட்ரினலின் ஊசியோடுதான் கிளம்ப வேண்டும்.

9. முதுகுப்பை

இதைக் கடைசியாக வாங்குங்கள். முதலில் வாங்கினால், இருக்கும் இடத்தை நிரப்பவே பொருள் சேரும். எல்லாவற்றையும் தரையில் பரப்பி அளவைப் பார்த்த பிறகு கடைக்குப் போனால், விடுதிப் பயணத்துக்கு 30 லீற்றரும் கூடார நடைக்கு 50, 55 லீற்றரும் போதும் என்று தெரியும். இடுப்புப் பட்டி எலும்பின் மேல் அமர்ந்து சுமையின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டும். பத்துக் கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு கடைக்குள் அரை மணி நேரம் நடந்து பார்க்க அனுமதிக்கும் கடையில் வாங்குங்கள். அடுக்கும்போது படுக்கை அடியில், கனமானவை முதுகையொட்டி நடுவில், மழையங்கியும் தின்பண்டமும் மேலே.

10. ஒத்திகை

ஹப்புத்தளைக்கு அருகே தம்பத்தென்னவிலிருந்து லிப்டன் சீட் வரை சுமார் 7 கிலோமீற்றர் ஏற்றம். முழுச் சுமையோடு விடியுமுன் அதை ஏறுங்கள். உச்சியில் அரை மணி நேரம் காற்றில் உட்காருங்கள். எந்த அடுக்கு குறைகிறது, எந்தப் பட்டி தோளை அறுக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும். கூடாரத்தை வீட்டு முற்றத்தில் இருட்டில், ஒருவர் குழாயால் தண்ணீர் அடிக்க, மற்றவர் கட்டிப் பாருங்கள்.

கூட வருபவர்களோடு ஒன்றைப் பேசி வையுங்கள். குளிரில் நடுக்கம் நிற்காத, சொல் குழறும், கால் தடுமாறும் ஒருவர் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். அவர் பேச்சை நம்பாமல் உடனே காற்றிலிருந்து மறைத்து, ஈர உடையைக் களைந்து, யாருடைய இரவுத் தொகுதியாவது அணிவித்து, நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பான சுடுபானம் கொடுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் எண், 119 பொலிஸ். சிக்னல் எல்லா மடிப்புகளிலும் கிடைக்காது. ஆகவே அன்றன்றைய தங்குமிடத்தையும் சேரும் நேரத்தையும் கீழே இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையகத்தில் பெரும் மண்சரிவுகளை ஏற்படுத்தியது. பழைய வரைபடத்தில் இருக்கும் வழி இன்றும் இருக்கிறதா என்று அந்தந்த ஊரில் கேட்டே நடக்க வேண்டும். புறப்படும் காலையில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பையும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். உங்கள் வழியிலுள்ள பிரதேச செயலகப் பிரிவுக்குச் செம்மஞ்சளோ சிவப்போ விடுக்கப்பட்டிருந்தால், எத்தனை நல்ல ஜாக்கெட் கையில் இருந்தாலும் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.